முன்னால் போகிறவன்

ஜெலி முகாம்
14 ஜூன் 1976

சோம்,

உனக்கும் ரொஹானிக்கும் என் ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கருவாட்டுக் கூடையை நீயே தூக்காதே, சைக்கிள்காரனிடம் கொடுத்து அனுப்பு என்று சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். மழை, சிவப்புச் சேறு, அட்டை. சாலை இப்போது மூன்றாவது மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் வான் தாயிப் வரைபடத்தை விரித்து வைத்து, "இன்னும் கையளவுதான் பாக்கி" என்கிறார். அந்தக் கையளவுக்குள் எத்தனை மழைக்காலம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. சாலை கிரிக் ஊர் வரை போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லைக் காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒளிய இடமிருக்காது என்கிறார்கள். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் எங்களைச் சுற்றி முள்கம்பி, மணல் மூட்டை, சிப்பாய்கள்.

இந்த மாதம் விடுப்பில் வர முடியாது. என் புல்டோசர் கெட்டுப்போய்விட்டது. புதியது வந்ததும் நான்தான் எடுக்க வேண்டுமாம், அதுவரை இருக்கச் சொல்கிறார்கள். நம் ஊர் ஆட்களில் ஹமிட் இப்போது இங்கே இல்லை. சுலோங் இருக்கிறான். அவன் வாய் மட்டும் என்றைக்கும் பழுதாவதில்லை.

ரொஹானியை வாய்க்கால் பக்கம் விடாதே. உங்கள் இருவருக்கும் என் துஆ.

டெராமான்


தும்பாட்
22 ஜூன் 1976

அன்புள்ள அபே மான்,

வ அலைக்கும் ஸலாம். நானும் மகளும் சுகம். முதுகும் சுகம்.

புல்டோசர் கெட்டுப்போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹமிட் அங்கே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவன் இங்கேதான் இருக்கிறான், நம் பள்ளிவாசலுக்குப் பின்னால், மையவாடியில். இராணுவ லாரியில் உடலைக் கொண்டுவந்தார்கள். நானும் போயிருந்தேன். உங்கள் கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது.

அவன் மனைவி மெக் யாம் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் அமர்ந்ததும் துணியை விலக்கிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே இருந்தாங்க. உன் புருஷன மட்டும் விட்டுட்டாங்களாமே. ஏன்?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்த எல்லாப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

உயிரோடு இருக்கிறீர்கள் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது. இனி என்னிடம் வண்டி கெட்டுப்போனது என்று எழுதாதீர்கள். நான் கருவாடு விற்பவள். எது கெட்டது, எது கெடாதது என்று எனக்குத் தெரியும்.

அல்லாஹ் உங்களைக் காக்கட்டும்.

கெல்சோம்


ஜெலி முகாம்
9 ஜூலை 1976

சோம்,

ஸலாம். உன் கோபம் கிடைத்தது. உடம்பு நலம்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஹமிட் வண்டி நிழலில் படுத்திருந்தான். நான் சோற்றுப் பொட்டலத்தோடு ஓடைப் பக்கம் போனேன். காவலுக்கு வந்த சிப்பாய்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். மூங்கிலுக்குள்ளிருந்து ஏழெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். சத்தமே இல்லை. ஹமிட் எழுந்து ஓடினான். ஓடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது.

என் எதிரே ஒரு பெண் நின்றாள். சீருடை, தொப்பி, காய்ச்சல்காரியைப் போல மஞ்சளான கண்கள். துப்பாக்கியை என் மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பேரு?"

"டெராமான்."

"எந்த ஊரு?"

"தும்பாட்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு."

என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "போ. திரும்பிப் பாக்காத" என்றாள். நடந்தேன். முதுகுக்குப் பின்னால் வண்டி எரிகிற சூடு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். எத்தனையோ முறை புரட்டிப் பார்த்துவிட்டேன், இதில் காரணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணாடி போட்ட போலீஸ் அதிகாரி ஒருவர் நகரத்திலிருந்து வந்து இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். "சும்மா விட்டாங்களா? அவங்க எதையும் சும்மா விடமாட்டாங்கப்பா" என்றார். வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "போ. ஆனா இப்ப போனா, எங்க போறேன்னு நாங்க கேட்போம்" என்றார்.

சுலோங் சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தான். "அபே மானுக்குக் காட்டுக்குள்ள ஒரு ஆளு இருக்குடா! சோத்தையே கையில குடுத்து அனுப்பியிருக்காருன்னா பாத்துக்குங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

புது வண்டி வந்துவிட்டது. மெக் யாமிடம் என் ஸலாம் சொல். அவள் வாங்கிக்கொண்டால்.

டெராமான்


தும்பாட்
2 ஆகஸ்ட் 1976

அன்புள்ள அபே மான்,

ஸலாம். ரொஹானிக்கு இரண்டு நாள் ஜுரம், இப்போது இல்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

மெக் யாமுக்கு ஸலாம் சொன்னேன். வாங்கிக்கொள்ளவில்லை. சந்தையில் அவள் மச்சினி கடை என் கடைக்கு எதிரே இருந்தது. அதைக் கடைசி வரிசைக்கு மாற்றிக்கொண்டுபோய்விட்டாள். சுலோங் கொட்டகையில் பேசிய கேலி உங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. வெற்றிலை விற்கிறவள் என்னைப் பார்த்துக் கேட்கிறாள்: "என்ன சோம், உன் சக்களத்தி துப்பாக்கி வெச்சிருக்காளாமே? பாத்து நடந்துக்க!" நான் விடுவேனா? "அவ துப்பாக்கி வெச்சிருக்கா, நான் மீன் வெட்டுற கத்தி வெச்சிருக்கேன். உனக்கு எது வேணும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தக் கண்ணாடிக்காரர் இங்கேயும் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். காப்பி குடித்தார். அரிசிப் பானை மூடியைத் திறந்து பார்த்தார். "அப்பா புதுசா எதுவும் அனுப்புனாரா?" என்று ரொஹானியிடம் கேட்டார். அவள் போய் நீங்கள் வாங்கித் தந்த சீப்பைக் கொண்டுவந்து காட்டினாள். அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நீங்கள் எழுதியது அத்தனையும் நம்புகிறேன். ஒன்றை மட்டும் யோசிக்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவள் ஏன் கேட்டாள்?

சீக்கிரம் வாருங்கள். வரமுடியாது என்றால், ஏன் வரமுடியாது என்றாவது எழுதுங்கள்.

கெல்சோம்


ஜெலி முகாம்
29 ஆகஸ்ட் 1976

சோம்,

ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. இங்கும் பிடிக்கிறோம். மகளுக்கு மறுபடி ஜுரம் வந்ததா?

கேட்டதற்குப் பதில்: எனக்கும் தெரியாது.

வேலை சுலபமாகத்தான் இருக்கிறது. இப்போது எப்போதும் என் வண்டிதான் முதலில். பின்னால் வருபவர்களின் புகையும் புழுதியும் எனக்கில்லை, நல்ல காற்று. விடுப்பு பெருநாளுக்கும் இல்லையாம். சாலை அவசரம் என்கிறார்கள்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வண்டியின் அதிர்வு கையில் தங்கிவிடுகிறது.

டெராமான்


தும்பாட்
12 செப்டம்பர் 1976

அபே மான்,

ஸலாம். நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இல்லை என்று தெரியும், அதனால் விசாரிக்கவில்லை.

சுலோங் விடுப்பில் வந்திருக்கிறான். என்னைக் கண்டதும் சந்தையின் மறு வாசல் வழியாகப் போகப் பார்த்தான். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என் வீட்டுக்காரரு எங்கடா?"

"நல்லா இருக்காரு காக் சோம்."

"நல்லா இருக்கிறவரு எழுதுற கையெழுத்தா இது?"

அப்புறம்தான் சொன்னான். காட்டுக்காரர்கள் உங்களைத் தொடமாட்டார்கள் என்று எல்லாரும் நம்பிவிட்டார்களாம். மண்டோர் தினமும் காலையில், "மான், நீ முதல்ல" என்று மட்டும் சொல்வாராம். பாதை திறக்காத காட்டுக்குள் நீங்கள் ஒருவர் மட்டும் போவீர்களாம். சிப்பாய்கள்கூட உங்கள் அருகில் வருவதில்லையாம், சீருடையைப் பார்த்தால்தான் காட்டுக்காரர்கள் சுடுவார்கள் என்று. நீங்கள் நெடுந்தூரம் போய், ஒன்றும் வெடிக்கவில்லை என்று ஆன பிறகுதான் மற்ற வண்டிகள் கிளம்புமாம். முறை மாற்றிப் போடச் சொல்லி ஒருமுறை நீங்கள் கேட்டபோது, "உனக்கென்னப்பா, உன் ஆளுங்கதானே" என்றார்களாம்.

"நீ என்ன சொன்ன?" என்று சுலோங்கைக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். "நானும்தான் சிரிச்சேன்" என்றான்.

நல்ல காற்று என்று எழுதினீர்களே அபே. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் தெரியுமா?

காட்டில் உங்கள் சிநேகிதர்கள் உங்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று நினைக்கிற வரையில் முகாமில் இவர்கள் உங்களை விடமாட்டார்கள். நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். பெருநாளுக்கு முன் அங்கே வருகிறேன். வாசலில் நின்று நான் என்ன கத்தினாலும் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நில்லுங்கள். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

இந்தக் கடிதத்தை ரேஷன் லாரி ஓட்டும் என் மாமா மகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

கெல்சோம்


ஜெலி முகாம்
17 அக்டோபர் 1976

அபே மான்,

உங்களுக்கும் காக் சோமுக்கும் ஸலாம். மகள் சுகமா? பெருநாளுக்கு வீட்டில் இருந்திருப்பீர்கள். நாங்கள் இங்கே டின் மாட்டுக் கறி சாப்பிட்டோம்.

காக் சோம் வந்து போன நாளை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வெயிலில், முள்கம்பிக்கு வெளியே சேற்றில் உட்கார்ந்து அவர் அலறிய அலறல்! "கதவுல சீட்டு குத்தி வெச்சிருக்காங்களே! அடுத்தது டெராமான் தலைன்னு எழுதியிருக்கே! பயத்துல அடுப்புல போட்டுட்டேனே!" சிப்பாய்கள் தூக்கப் போனால் அவர்களையும் அடிக்கிறார். மண்டோர் முகம் வெளுத்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் உங்கள் பலகையில் ஒருவனும் உட்காரவில்லை, நான் உட்பட. மறுநாள் ரேஷன் லாரியிலேயே உங்களை அனுப்பிவிட்டார்கள். காட்டுக்காரர்கள் தேடுகிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம்?

நான் எழுத வந்தது அது இல்லை. நீங்கள் போன மறுநாள் காலை மண்டோர் என் தோளைத் தொட்டு, "சுலோங், நீ முதல்ல" என்றார். ஏன் நான் என்று கேட்டேன். "நீ எல்லாரையும் சிரிக்க வைப்ப. உன்ன எவன் சுடுவான்?" என்றார். கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள், அபே.

அன்று முதல் நான்தான். போன வாரம் பாதையில் கம்பி ஒன்று கட்டியிருந்தது. வண்டியின் பலகை பட்டு அறுந்தது. வெடிக்கவில்லை. மழையில் வெடிமருந்து நனைந்துவிட்டதாகச் சிப்பாய்கள் சொன்னார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வண்டியில் ஏறும்போது ஏதாவது ஓதுவீர்களா? அந்தப் பெண் பெயர் ஏதாவது சொன்னாளா? உங்களுக்கு உண்மையிலேயே அங்கே யாரையாவது தெரியும் என்றால், நான் உங்கள் தம்பி மாதிரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இப்போது நான் கேலி பேசவில்லை.

சுலோங்


ஜெலி முகாம்
24 அக்டோபர் 1976

சோம்,

ஸலாம். நீ சந்தையிலிருந்து வந்து பார்த்திருப்பாய். பாய் சுருட்டி வைத்திருக்கும், நான் இருந்திருக்க மாட்டேன். சுலோங்கின் கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். படித்தால் புரியும்.

மண்டோர் என்னைக் கண்டதும் பேயைக் கண்டதுபோல் ஆனார். ஊரில் இருந்தால் குடும்பத்துக்கும் ஆபத்து என்று சொன்னேன். சமையற்கட்டில் விறகு வெட்டும் வேலை கொடுத்திருக்கிறார். யாரும் அருகே வருவதில்லை. தட்டைக்கூடத் தள்ளித்தான் வைக்கிறார்கள்.

காலையில் சுலோங் ஏறுகிறான். ஏறும் முன் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். நான் விறகைப் பார்க்கிறேன். வண்டிச் சத்தம் மலைக்கு அப்பால் போகும் வரை கோடரியை ஓங்குவதில்லை. சத்தம் நின்றால் கேட்க வேண்டும் அல்லவா.

வாயைத் திறந்தால் நீ மாட்டிக்கொள்வாய். மூடினால் அவன் போய்விடுவான். என்ன செய்வது என்று தெரியவில்லை. மகளுக்கு முத்தம்.

டெராமான்


தும்பாட்
1 நவம்பர் 1976

அபே மான்,

ஸலாம். மகள் சுகம். நான் சுகமில்லை, ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் விடமாட்டேன் என்பதால்தானே? ஆமாம், விட்டிருக்க மாட்டேன். சந்தைத் தெரு முழுக்கப் புரண்டு அழுதிருப்பேன். எனக்குத்தான் அது நன்றாக வருகிறதே.

அந்தச் சீட்டு என் வாயில் பிறந்தது. கதவில் ஆணியும் இல்லை, காகிதமும் இல்லை. உங்களை வெளியே கொண்டுவர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் இடத்துக்கு இன்னொருவன் வருவான் என்று தெரியாமல் இல்லை. தெரியும். அது யார் என்று யோசிக்காமல் இருந்துகொண்டேன். சுலோங் மனைவி நேற்று வந்து என்னிடம் கருவாடு வாங்கினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. காசு வேண்டாம் என்றேன். "ஏன் காக்?" என்று கேட்கிறாள்.

கண்ணாடிக்காரர் மறுபடி வந்தார். "சீட்டு எந்த மையில எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். சிவப்பு என்றேன். வேறு ஏதேதோ பேசினார், தென்னை, வெள்ளம், மீன் விலை. செருப்பு மாட்டும்போது, "நீல மைதானே சொன்னீங்க?" என்றார். ஆமாம் என்றுவிட்டேன். என் வாய் எப்படி அப்படிச் சொன்னது? அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த முறை வரும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எதுவும் பேச வேண்டாம். சுலோங்குக்காக நான் அழுவேன், ஆயுள் முழுக்க அழுவேன். ஆனால் உங்களைக் கொடுக்க மாட்டேன். இதையும் அடுப்பில் போடுங்கள்.

கெல்சோம்


ஜெலி
19 நவம்பர் 1976

சோம்,

ஸலாம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கொஞ்சநாள் முகாமில் இல்லை.

கண்ணாடிக்காரர் இனி நம் வீட்டுக்கு வரமாட்டார். மை நிறத்தைப் பற்றியும் கவலைப்படாதே. யாராவது கேட்டால், கதவில் சீட்டு இருந்தது, பயந்து எரித்தேன், இருட்டில் நிறம் தெரியவில்லை என்று சொல். அதற்கு மேல் உனக்கு எதுவும் தெரியாது. நினைவிருக்கட்டும், உனக்கு எதுவுமே தெரியாது.

மறுபடி வண்டி ஓட்டுகிறேன். மழை வலுத்துவிட்டது, சளி பிடித்து இடது காது கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. ஒன்றுமில்லை.

டெராமான்


ஜெலி முகாம்
23 நவம்பர் 1976

காக் சோம்,

ஸலாம். நீங்களும் ரொஹானியும் சுகமாக இருக்க துஆ. அபே மான் இதை எழுதியிருக்க மாட்டார். எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

இம்மாத முதல் வாரத்தில் ஒரு காலை. நான் வண்டியில் ஏறப் போனேன். அபே மான் கோடரியைப் போட்டுவிட்டு வந்து என் இடுப்புத் துணியைப் பிடித்துக் கீழே இழுத்தார். மண்டோர் ஓடிவந்தார்.

"மான், தள்ளு. உன் தலைக்குச் சீட்டு எழுதியிருக்காங்க."

"எவனும் எழுதல. நான்தான் எழுதினேன்."

எல்லாரும் நின்றுவிட்டோம். மழை பெய்துகொண்டிருந்தது.

"ஊர்ல ஒரு ஆள வெச்சு என் வீட்டுக் கதவுலயே குத்தினேன். என் பொஞ்சாதி நெஜம்னு நம்பிட்டா. பாவம் அவ. இங்கேர்ந்து ஓடணும்னு நான் பண்ணின வேல."

"எதுக்குய்யா?" என்றார் மண்டோர். "உன்னத்தான் அவங்க தொட மாட்டாங்களே!"

அபே மான் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. "தொட மாட்டாங்கன்னு நீங்க சொன்னீங்க. நான் எப்பவாவது சொன்னேனா? தினமும் ஏறுறதுக்கு முன்னாடி கால்சட்டைக்குள்ள துணி சுருட்டி வெச்சுக்கிட்டுத்தான் ஏறுவேன். ஓடையில இறங்கி அலசிட்டுத்தான் உங்ககூட சாப்பிட வருவேன். காட்டுக்குள்ள ஆளு இருக்கிறவனுக்கு எதுக்குடா துணி?"

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சேரவில்லை. நானும் சிரிக்கவில்லை, காக். எனக்கும் அன்று காலை அதே நிலைதான்.

அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது இடது காதில் பஞ்சு வைத்திருந்தது. என்ன கேட்டார்கள் என்று சொல்லவே இல்லை. கண்ணாடிக்காரர் மண்டோரிடம், "இவனா உளவாளி? பயந்தாங்கொள்ளி. மூத்திரம் போற பய" என்றாராம். அவரும் நம்பிவிட்டார். எல்லாரும் நம்பிவிட்டார்கள். எத்தனையோ மாதம் உண்மையைச் சொன்னவரை நம்பாத ஆட்கள், அந்த ஒரு பேச்சில் நம்பிவிட்டார்கள்.

அவர் வந்த மறுநாள் மண்டோர் வழக்கம்போல் என் தோளைத் தொட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் இருந்தவனும் உட்கார்ந்தான். ஓட்டுநர்கள் எல்லாரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். முதலில் யார் போவது என்று குலுக்கிப் போட்டால்தான் போவோம் என்றோம். மண்டோர் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் ஒரு சிப்பாயின் இரும்புத் தொப்பியை வாங்கி வந்தார். ரப்பர்க் கொட்டைகள் போட்டு, ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு தடவினோம். "நீங்களும் எடுங்க" என்றேன். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுப்பா" என்றார்.

முதல் நாளே சுண்ணாம்புக் கொட்டை அபே மான் கையில்தான் வந்தது. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. "இது என் முறைடா. போன தடவையெல்லாம் முறை இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறினார். ஒரு வித்தியாசம், காக். அவருக்கு ஆள் யாருமில்லை என்று தெரிந்ததால் சிப்பாய்கள் அன்று முன்னால் போய்த் தரையைக் குத்திப் பார்த்தார்கள். ஒரு கண்ணிவெடி கிடைத்தது. நல்ல மருந்து, நனையாதது.

நான் கொட்டகையில் பேசிய பேச்சுதான் இத்தனைக்கும் தொடக்கம். உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

சுலோங்


தும்பாட்
16 டிசம்பர் 1976

அன்புள்ள அபே மான்,

ஸலாம். வெள்ளம் வந்து போய்விட்டது. வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. ரொஹானியைப் பரணில் ஏற்றி உட்கார வைத்தேன், அவளுக்கு ஒரே கொண்டாட்டம். பாதிக் கருவாடு போயிற்று. உங்கள் சளி எப்படி இருக்கிறது? சளி என்றுதானே எழுதினீர்கள். சரி, சளிதான்.

எனக்கு எதுவும் தெரியாது. அப்படித்தான் இருக்கிறேன்.

சந்தையில் இப்போது வேறு கதை ஓடுகிறது. வெற்றிலைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "சோம், உன் வீட்டுக்காரருக்கு இன்னும் நாலு கால்சட்டை தைச்சு அனுப்பேன்" என்றாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கத்தியைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "ஆமா, பயந்தாரு. பயந்துக்கிட்டே தினமும் ஏறினாரு" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவள் எனக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் மெக் யாம் வந்தாள். வீட்டுக்கு. வெள்ளச் சேறு இன்னும் கழுவாமல் கிடந்தது. உட்காரச் சொல்ல இடமில்லை. அவள் சேற்றில் நின்றபடியே, "அப்ப, அவங்க உன் வீட்டுக்காரர சும்மாதான் விட்டாங்க, இல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்காளயும் சும்மாதான் சுட்டாங்க" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு துடைப்பத்தை எடுத்து என்னோடு சேர்ந்து சேற்றைத் தள்ளினாள். மாலை வரை தள்ளினோம்.

போகும்போது உங்களிடம் கேட்கச் சொன்னாள். ஹமிட் அன்று என்ன பேசினான், வண்டி நிழலில் படுக்கும் முன் என்ன சாப்பிட்டான், ஓடும்போது யாரையாவது கூப்பிட்டானா. எழுத வேண்டாமாம், நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். ஆறுதலுக்காக எதையும் சேர்க்க வேண்டாம் என்றாள். கூப்பிடவில்லை என்றால் கூப்பிடவில்லை என்றே சொல்லுங்கள்.

மழை ஓய்ந்ததும் விடுப்பு தருவார்கள் என்று சுலோங் மனைவி சொல்கிறாள். தராவிட்டால் மறுபடி வாசலுக்கு வந்து கத்துவேன் என்று மண்டோரிடம் சொல்லுங்கள். இந்த முறை உண்மையையே கத்துவேன்.

ஒன்று மட்டும். இன்று கொட்டை யார் கைக்கு வந்தது என்று எனக்கு எழுதாதீர்கள். உங்களுக்கு வரவில்லை என்று எழுதினால் நான் நம்பப்போவதில்லை. நாளைக்கும் குலுக்குவார்கள் அல்லவா. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, வண்டிகள் கிளம்பும் நேரம் வரை நான் கடை திறப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பிறகு எழுந்து போகிறேன்.

உங்கள்
கெல்சோம்